பச்சைப் புள்ளி வைத்த தட்டுகள்

அன்று மதியம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். எழுந்து போய் எதையாவது எடுத்து வர வசதியாக, சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டிப் பெரியவள். அவளுக்கு இடப்பக்கம் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டைப் பையில் ஒரு திருப்புளி இருக்கும். வலப்பக்கம் அவர்களுடைய மகள், கல்லூரியில் படிக்கிறவள். அவளை ஒட்டி, பேருந்து ஓட்டுநரான சித்தப்பா. பெரியவளுக்கு நேர் எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஓட்டுநரின் மனைவி சின்னவள். ஆறாவது நாற்காலியில் மகளின் புத்தகப் பை உட்கார்ந்திருந்தது.

இந்த ஏற்பாடு பெரியவள் முந்தின நாளே யோசித்து வைத்தது. காற்று வருகிற இடம், நல்ல நாற்காலி என்றுதான் தங்கைக்கு ஜன்னல் பக்கத்தை ஒதுக்கினாள். உட்கார்ந்த பிறகுதான் அதிலிருந்த கோளாறு தெரிந்தது. வெளிச்சம் முழுக்கப் பின்னாலிருந்து வந்ததால் சின்னவளின் முகம் இருட்டாக இருந்தது. அவள் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா, ஒன்றுமே நினைக்காமல் சூப் குடிக்கிறாளா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தும் பெரியவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த முகத்தைப் படிப்பதற்காகத்தான் இத்தனை பாடும். அக்காவும் தங்கையும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு சர்க்கரைக் கிண்ணம்.

அம்மா இறந்து, வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை எல்லாம் பெரியவள் தன் வீட்டுக்கு எடுத்து வந்த பிறகு, சின்னவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "அம்மாவோட சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் எனக்குக் குடுக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்." பெரியவள் அதைத் துணியில் சுற்றி, பஞ்சு வைத்து, கூடவே இரண்டு பக்கம் கடிதமும் எழுதிப் பார்சலில் அனுப்பினாள். ஒரு வாரம் போல ஆனதும் அதே பெட்டி, அதே துணி, அதே பஞ்சுடன் கிண்ணம் திரும்பி வந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. துண்டுச் சீட்டாவது விழுமா என்று பெரியவள் துணியை உதறி உதறிப் பார்த்தாள். போன் செய்தபோது ஓட்டுநர்தான் எடுத்தார். "அவ வேலையா இருக்கா அண்ணி" என்றார். அடுத்த தடவையும் வேலையாக இருந்தாள். மூன்றாவது தடவை பெரியவள் போன் செய்யவில்லை.

தான் என்ன தப்புச் செய்தோம் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டதைக் கொடுத்தாள். கொடுத்தது முகத்தில் விட்டெறிந்த மாதிரி திரும்பி வந்தது. இதில் கோபப்பட வேண்டியது யார் என்பதிலேயே குழப்பம்.

இப்போது ஓட்டுநரின் தடம் மாறி, அவர்கள் பக்கத்து ஊருக்கே குடி வந்திருந்தார்கள். மகள்தான் அம்மாவைக் கேட்காமல் சித்திக்குப் போன் போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள். "வர்றோம். சாப்பிட்டுட்டு உடனே கிளம்பிடுவோம்" என்று பதில் வந்தது. அந்த 'உடனே' பெரியவளின் காதிலேயே நின்றது. இந்த ஒரு சாப்பாடு சரியாகப் போகவில்லையென்றால் இனி எப்போதும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மேசையை இப்படி அலங்கரிப்பதும் மகளின் யோசனைதான்.

"புதுசா ஒண்ணும் வாங்க வேணாம்மா. வீட்டுல இருக்கிறதே போதும். பாட்டி சாமான் எல்லாம் பரண்ல தூங்குது. அதையெல்லாம் எடுத்து வெப்போம். சித்தி உள்ள நுழைஞ்சதும் பழைய வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்."

பெரியவளுக்கு அது பிடித்துப் போயிற்று. ஓரத்தில் இரண்டு நீலக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வந்தன. அதே கோடு போட்ட சூப் கிண்ணங்கள் வந்தன. உப்புக்கும் மிளகுக்கும் இரண்டு பீங்கான் வாத்துகள். பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்று. எழுத்துத் தேய்ந்துபோன சின்ன வெற்றிக் கோப்பை ஒன்று. அதில் மகள் கரண்டிகளைப் பூங்கொத்து மாதிரி செருகி வைத்தாள். நடுவில் பூக்கள் உயர்ந்து தெரிவதற்காக எதையோ அடியில் வைத்து அதன்மேல் துணியை விரித்தாள்.

சர்க்கரைக் கிண்ணத்தை வைக்கலாமா கூடாதா என்பதில்தான் இழுபறி. மகள் வைத்தாள். பெரியவள் எடுத்து அலமாரியில் ஒளித்தாள். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் பார்த்தால், கிண்ணம் மறுபடி மேசை நடுவில், மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, வெள்ளைப் பூ நிரம்ப உட்கார்ந்திருக்கிறது. மகளை முறைக்கக்கூட நேரமில்லை.

சின்னவள் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது?"

"எல்லாம் அம்மாவோடதுதான். உனக்காக எடுத்து வெச்சேன்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், தன் கணவரைப் பார்த்தாள். பிறகு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகம் இருட்டாகிவிட்டது.

சூப் முடிகிற வரை கரண்டிச் சத்தம்தான். ஓட்டுநர் ரொட்டியைப் பிட்டுத் தோய்த்துச் சாப்பிடுவதில் முனைப்பாக இருந்தார். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளான மனிதர் போலச் சாப்பிட்டார். வறுத்த மீனும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. சின்னவள் உப்புக்குக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள்.

"இந்த வாத்து எங்க கிடைச்சது?"

"எங்க கிடைச்சதா? நம்ம வீட்டு வாத்துடி. ஒண்ணு உப்பு, ஒண்ணு மிளகு."

"நம்ம வீட்டுல ஏது வாத்து?"

"மேல் தட்டுல இருக்குமே. விருந்தாளி வந்தா மட்டும் இறக்குவாங்களே."

"விருந்தாளி வந்தா இறக்கினது நான்தான்க்கா. துடைச்சு மேல வெச்சதும் நான்தான். வாத்தைப் பார்த்ததே இல்ல."

லிஃப்ட்காரர் மனைவிக்குக் கை கொடுக்க முன்வந்தார். "வாத்து போகட்டும். பறந்து வந்திருக்கும். ஆனா இந்தக் கப்பு நிச்சயமா மாமாவோடது. செஸ் போட்டியில ஜெயிச்சது. அவரே எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

"அத்தான், அப்பாவுக்கு செஸ்ஸே தெரியாது. குதிரை எப்படிப் போகும்னு கேட்டா, வண்டியை இழுத்துட்டுப் போகும்பாரு."

ஓட்டுநர் மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்துக்கொண்டே சிரித்தார். லிஃப்ட்காரர் யோசித்தார்.

"அப்ப எனக்கு யாரு சொன்னா? ஏம்மா, நீ சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. அப்பா ஜெயிச்சதுன்னு."

"நான் சொன்னேனா? நீ சொல்லித்தான் நான் சொன்னேன்னு நினைச்சேன்."

"நீங்க ரெண்டு பேரும் சொல்லித்தான் நான் என் கிளாஸ்ல எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள் மகள். "எங்க தாத்தா செஸ் சாம்பியன்னு."

அப்பா பலகைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து தாடையைத் தடவுகிற காட்சி பெரியவளின் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அது எங்கிருந்து வந்தது? அப்பா தாடையைத் தடவினது உண்மை. மின்சாரக் கட்டணத்தைப் பார்க்கும்போதெல்லாம் தடவுவார். பலகை எப்போது வந்து சேர்ந்துகொண்டது?

"தட்டு?" என்று கேட்டாள். குரல் சற்று கெஞ்சலாக வந்தது. "தட்டுமா நம்மது இல்ல?"

சின்னவள் தன் தட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவைகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. கண்ணாடியையும் பீங்கானையும் கையே அடையாளம் சொல்லிவிடும் என்று பெருமை உண்டு.

"தட்டு நம்மது மாதிரிதான் இருக்கு" என்றாள் தயக்கத்தோடு.

பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "மாதிரி என்ன மாதிரி? நம்மதேதான். அடியில அம்மா வெச்ச புள்ளி இருக்கு. நேத்து எடுத்துக் கழுவுறப்பகூடப் பார்த்தேன்."

"என்ன கலர் புள்ளி?"

பெரியவள் வேலை பார்ப்பது ஒரு பெயிண்ட் கம்பெனியின் கிடங்கில். நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. "பச்சை. இலைப் பச்சை."

"சிவப்பு" என்றாள் சின்னவள்.

"பச்சைடி."

"சிவப்புக்கா. என்னோட நகச்சாயம் அது. புத்தம் புது பாட்டில். பாதியைத் தட்டுக்கே தீர்த்துட்டாளேன்னு அம்மாகிட்ட ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?"

எல்லோர் தட்டிலும் மீன் இருந்தது. ஓட்டுநர் தட்டு மட்டும் காலி. சொட்டுச் சாறுகூட இல்லாமல் ரொட்டியால் துடைத்து வைத்திருந்தார். அவர் யாரும் கேட்காமலே அதைத் தூக்கிக் கவிழ்த்தார். அடிப்பக்கத்து வளையத்துக்குள் பயறு அளவுக்கு ஒரு புள்ளி. பச்சை.

"சிவப்பு மங்கிப் பச்சையாயிருக்குமோ?" என்றார் லிஃப்ட்காரர்.

பெரியவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் திருப்புளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் சண்டைக்கு வரல. குட்டி கூப்பிட்டா, வந்தேன். வாத்து, கப்பு, தட்டு, எதுவா வேணாலும் இருக்கட்டும். ஆனா அந்தக் கிண்ணத்தை மேசை நடுவுல கொண்டாந்து வெச்சிருக்கியே, அது எதுக்கு? அதை மட்டும் சொல்லு."

"அம்மாவோடதுன்னுதான்..."

"அம்மாவோட கிண்ணத்தை நீ வெச்சுக்கிட்டே. எனக்குக் கடையில ஏதோ ஒண்ணை வாங்கி அனுப்பினே. எனக்கு வேணும்னு நீ நேரா சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன். இப்படிச் சின்னப் புள்ளைக்குப் பொம்மையை மாத்திக் குடுக்கிற மாதிரி ஏமாத்தினதைத்தான் என்னால தாங்க முடியல."

நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த காரணம் கடைசியில் மேசைக்கு வந்துவிட்டது. வந்தும் அது பெரியவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"இதுதான்டி அம்மாவோட கிண்ணம். பெட்டியிலேர்ந்து எடுத்தேன், துடைச்சேன், உனக்கு அனுப்பினேன். சத்தியமா."

"மூடியைப் பாரு."

பெரியவள் மூடியைக் கையில் எடுத்தாள். நடுவில் குமிழ் மாதிரி பீங்கான் பிடி இருந்தது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல்.

"அம்மா கிண்ணத்து மூடியில பிடி கிடையாது. நான்தான் உடைச்சேன். அம்மா ஒரு கோட்டுப் பட்டனை எடுத்து அதுல ஒட்டி வெச்சா. பெரிய கறுப்புப் பட்டன். நாலு ஓட்டை. நீ அப்ப வேலைக்குப் போயி ஹாஸ்டல்ல இருந்தே, உனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் அந்தப் பட்டனுக்காகத்தான் கிண்ணத்தையே கேட்டேன்."

பெரியவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கேயாவது ஒரு பட்டன் முளைத்துவிடாதா என்கிற மாதிரி. தான் ஏமாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கையிலிருக்கும் மூடி அவள் ஏமாற்றினாள் என்று சொல்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

"கிளம்பலாமா?" என்றார் ஓட்டுநர் மெதுவாக.

சின்னவள் எழுந்தாள். தண்ணீர் ஊற்றிக்கொள்ள மேசை ஓரத்திலிருந்த கண்ணாடி ஜாடியை எடுத்தாள். கழுத்தில் நெளிநெளியாகக் கோடு போட்ட ஜாடி. அதைக் கையில் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"இது ஒண்ணுதான் நம்மது" என்றாள். "இந்த நெளியை எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் தெரியும். அம்மா ராத்திரி தலைமாட்டுல வெச்சுக்குவாளே. இதையாவது உடைக்காம வெச்சிருக்கியே, அது போதும்."

மகள் நெளிந்தாள். சொல்வதா வேண்டாமா என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் மேலே கூரையைப் பார்த்தார்.

"சித்தி... அது நான் வாங்கினது. காலேஜ் பக்கத்துல பழைய சாமான் கடையில. போன மாசம்."

"எது?"

"இந்த ஜாடி."

சின்னவள் ஜாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். இறக்கி இன்னொரு தடவை நெளியைத் தடவினாள். முதலில் சிரித்தவர் ஓட்டுநர். "கண்ணை மூடிக்கிட்டே தெரியும்னியே" என்றார். "திறந்து பாத்திருக்கலாம்." அதற்கப்புறம் லிஃப்ட்காரர், அப்புறம் மகள். சின்னவள் ஜாடியைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் கிளம்புவதற்காகக் கைப்பையை எடுக்கவும் இல்லை.

"அப்ப எனக்கும்தான் எதுவும் தெரியல" என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மகள். "சித்தி, பாட்டி வெச்சது சிவப்புப் புள்ளி. சரி. அப்ப பச்சை யாரு வெச்சா? சும்மா யாராவது தட்டுக்கு அடியில புள்ளி வெப்பாங்களா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். திறந்தது அப்படியே நின்றது.

"மாடி வீட்டு நர்ஸம்மா" என்றாள்.

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கீழ் வீட்டில் அம்மா, மாடியில் நர்ஸம்மா. தெருவில் வந்த ஒரே தள்ளுவண்டியில் ஒரே நாளில் இரண்டு பேரும் பேரம் பேசி வாங்கிய தட்டுகள் அவை. யார் வீட்டில் நாலு பேர் வந்தாலும் மாடித் தட்டு கீழே வரும், கீழ்த் தட்டு மாடிக்குப் போகும். கழுவி அடுக்கும்போது கலந்துவிடும். அதனால்தான் புள்ளி. கீழ் வீட்டுக்குச் சிவப்பு, மாடி வீட்டுக்குப் பச்சை. நர்ஸம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ பச்சை மருந்துச் சாயத்தைக் கொண்டு வந்து வைத்தாள். வாத்துகூட நர்ஸம்மா வீட்டு ஷோகேஸில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றாள் சின்னவள். பிறகு உடனே, "ஜாடியைப் பத்திச் சொன்ன வாயால சொல்றேன், வாத்துக்கு நான் கியாரண்டி இல்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா தட்டு நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்றார் லிஃப்ட்காரர்.

யாரும் பதில் சொல்வதற்கு முன்பே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவின் வீட்டைக் காலி செய்த அதே வாரம்தான் நர்ஸம்மாவும் மகன் வீட்டோடு போய்ச் சேர மாடியைக் காலி செய்தாள். சின்னவள் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள், வரவில்லை. மாடிப்படி குறுகல். நர்ஸம்மாவின் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கீழ் வீட்டுக் கூடத்திலேயே அடுக்கினார்கள். நர்ஸம்மாவுக்கு மூட்டு வலி, குனிய முடியாது. பெரியவள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் பெட்டி கட்டினாள். கட்டிய பெட்டிகள் மேலெல்லாம் தடித்த பேனாவால் பெரிய எழுத்தில், தானே எழுதினாள்.

"என்னன்னு எழுதினே?" என்றாள் சின்னவள்.

"பீங்கான், கவனம்."

"ரெண்டு வீட்டுப் பெட்டியிலயுமா?"

"பீங்கான் இருந்தா பீங்கான்னுதானே எழுதணும். துணி இருந்தா துணி. எது மேல, எது கீழன்னு அம்புக்குறிகூடப் போட்டேன்."

"யாரோடதுன்னு?"

பெரியவள் பேனா பிடிக்கிற விரல்களைப் பார்த்தாள். கிடங்கில் இத்தனை வருஷமாக அவள் எழுதிய பெட்டிகளுக்குக் கணக்கில்லை. ஒன்றில்கூட யாருடையது என்று எழுத வேண்டி வந்ததில்லை. உள்ளே இருப்பது எல்லாமே ஒரே கம்பெனியுடையது. என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் மேலே, உடையுமா உடையாதா. இவ்வளவுதான். ஒரு பெட்டி இன்னொருவருடையதாக இருக்கக்கூடும் என்ற நினைப்பே அவள் கைக்கு வந்ததில்லை. முதலில் வந்தது நர்ஸம்மாவின் வண்டி. வண்டிக்காரர் "பீங்கான் எதும்மா?" என்று கேட்டார். அவள் பக்கத்திலிருந்ததைக் காட்டினாள்.

"கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருந்திருக்கும்" என்றாள் சின்னவள்.

அது திட்டா கேலியா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. எழுந்து சுற்றி வந்து ஜன்னல் பக்கம் போனாள், முகத்தைப் பார்த்துவிடலாம் என்று. பார்த்தும் விளங்கவில்லை. தங்கையின் கண் கலங்கியிருந்தது, வாய் ஒரு பக்கமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகமும் இப்படித்தான். எந்தப் பக்கத்தை நம்புவது என்று தெரியாது.

"திருப்பி அனுப்பினியே, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? பட்டன் எங்கன்னு ஒரே ஒரு வரி."

"எழுத உட்கார்ந்தேன்க்கா. எழுதி எழுதிக் கிழிச்சேன். எல்லாம் திட்டா வந்துச்சு. அதனாலதான் ஒண்ணும் எழுதாம அனுப்பினேன். அதுதான் மரியாதைன்னு நினைச்சேன்."

"மரியாதையா?"

"இப்ப சொன்னா எனக்கே என்னமோ மாதிரிதான் இருக்கு."

மீன் ஆறிப் போயிருந்தது. அதை அப்படியே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டாகக் காலியாகக் காலியாக மகள் கவிழ்த்துப் பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை. கடைசித் தட்டிலாவது சிவப்பு இருக்குமோ என்று பெரியவளுக்கு ஒரு நப்பாசை. அதுவும் பச்சை. நாலு வருஷமாக அம்மாவின் தட்டு என்று கைபடாமல் வைத்திருந்தாள். ஒரு தடவை தனியாக உட்கார்ந்து இந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதும் இருக்கிறாள். அந்த அழுகை இப்போது யார் கணக்கில் சேரும்?

"நர்ஸம்மாவுமா கண்டுபிடிக்கல?" என்றார் ஓட்டுநர்.

"அவங்க பெட்டியையே பிரிச்சிருக்க மாட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "இல்லேன்னா நம்மள மாதிரி அவங்க பேரனுக்கு யாராவது அந்தப் பட்டனைக் காட்டி, இது உங்க தாத்தா கோட்டுலேர்ந்து வந்ததுன்னு சொல்லிட்டிருப்பாங்க."

எல்லோரும் ஒரு நிமிஷம் அந்தத் தாத்தாவை நினைத்துக்கொண்டார்கள்.

கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. நர்ஸம்மாவின் போன் எண் மாறிவிட்டது. ஆனால் மகன் வீட்டு முகவரி இருந்தது. எப்போதாவது கடிதம் எழுது என்று அவள் கொடுத்துவிட்டுப் போனதைப் பெரியவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். எழுத இடம் வேண்டுமென்று மகள் பூ வைத்த கிண்ணத்தைத் தூக்கினாள், மேசைத் துணியைச் சுருட்டினாள். அடியில், பூ உயரமாகத் தெரிவதற்காக வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பா நடு மேசையில் தனியாக நின்றது.

சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். உடனே எதுவும் சொல்லவில்லை. ஜாடி விஷயத்தில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

"இது... எங்க வாங்கினது?" என்று மகளிடம் கேட்டாள்.

"வாங்கலையே சித்தி. துணிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பூ ரொம்பப் பள்ளமா தெரிஞ்சுதுன்னு முட்டுக் குடுத்தேன்."

சின்னவள் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே பட்டன்கள் சலசலத்தன. அந்தச் சத்தத்துக்குப் பெரியவளின் தலை தானாக நிமிர்ந்தது. ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்பிருந்தே தெரிந்த சத்தம். அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் மூடியைத் திறக்கக் கையை வைத்தார்கள். துருப்பிடித்து இறுகியிருந்தது. லிஃப்ட்காரர் பெருமிதத்தோடு திருப்புளியை எடுத்தார்.

உள்ளே சட்டைப் பட்டன், பாவாடைக் கொக்கி, ஒற்றைக் கம்மல். சின்னவள் விரலால் கிளறிக் கிளறி, அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்புப் பட்டனை எடுத்தாள். நாலு ஓட்டை.

"இதோட ஜோடிதான் மூடியில இருக்கு" என்றாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, "இருக்குன்னு நினைக்கிறேன்" என்றாள்.

பெரியவள் எழுத உட்கார்ந்தாள். தேதி, இடம், மரியாதைக்குரிய என்று முறையாகத் தொடங்கினாள். நலம், நலமறிய ஆவல். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி. "வீடு மாற்றிய சமயத்தில் பெட்டிகள் இடம் மாறிவிட்டதாகத் தெரிகிறது" என்று எழுதினாள். சின்னவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டி தானா எழுந்து நடந்து மாறிடுச்சா?"

"பின்ன எப்படி எழுதுறது?"

"நீ மாத்தினேன்னு எழுது."

பெரியவள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். "பெட்டிகளின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதினேனே தவிர, யாருடையது என்று எழுத மறந்தேன். தவறு என்னுடையது. உங்கள் தட்டுகளும் கிண்ணமும் இரண்டு வாத்துகளும் வெற்றிக் கோப்பையும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. வாத்துகள் உங்களுடையவைதான் என்று நினைக்கிறோம். எங்கள் அம்மாவின் கிண்ணம் உங்களிடம் இருந்தால், அதன் மூடியில் இத்துடன் வைத்திருப்பது போன்ற பட்டன் ஒட்டியிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லவும்."

"கோப்பை எதுல ஜெயிச்சதுன்னு கேட்டு எழுது" என்றார் லிஃப்ட்காரர். "குழந்தை கிளாஸ்ல எல்லார்கிட்டயும் திருத்திச் சொல்லணும்ல."

அதையும் எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள். சின்னவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அக்காவின் பெயருக்குக் கீழே, ஒட்டி, தன் பெயரைப் போட்டாள். பட்டனைத் தாளில் நூலால் ஒரு தையல் போட்டு நிறுத்தினார்கள். உறை ஒரு பக்கம் புடைத்தது. பசை தடவிச் சின்னவள் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், காயும் வரை.

"பெட்டி வந்தா நான் வர்றதுக்குள்ள பிரிச்சிடாத" என்றாள்.

"நீ வருவியா?"

"பின்ன? நீ பிரிச்சா எது யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமாக்கும். ஜாடி."

"ஜாடியை விடுக்கா."

தபால் பெட்டி தெரு முனையில் இருந்தது. ஓட்டுநர் வண்டியில் போகும் வழியில் போட்டுவிடுகிறேன் என்றார், இருவரும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் பெரியவள் நின்று உறையைத் திருப்பிப் பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் இருவர் பெயர்களும் இருந்தன. இருந்தும் பேனாவை எடுத்து, சுவரில் வைத்து, "பட்டன் எங்களுடையது" என்று மூலையில் சின்னதாக எழுதினாள்.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் உறையைப் பெட்டிக்குள் விட்டாள். புடைப்பு வாயில் சிக்கியது. சின்னவள் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே டொக்கென்று விழுந்த சத்தம் கேட்டது.